காற்றில் குளிரும் 911-ஆ, திரையில் மிளிரும் 911-ஆ?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கக் கிளம்பியவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் இந்த முட்டுச்சந்தில் வந்து நிற்பார்கள்: புதுசு வாங்குவதா, பழசு வாங்குவதா? பொத்தாம்பொதுவாகப் பேசினால் விடை கிடைக்காது. 1961-ல் வந்த ஜாகுவார் இ-டைப்பையும் இன்றைய கார் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால், நான்கு சக்கரம் என்பதைத் தவிர ஒத்துப்போக எதுவும் இருக்காது. ஒரே வம்சத்து வண்டிகளை எடுத்தால்தான் காலம் எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று தெரியும்.

அதற்குத் தோதானது போர்ஷே 911. 1963-ல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் 901 என்ற எண்ணோடு வந்த கார் இது. நடுவில் சைபர் வைத்த மூன்றிலக்க எண்கள் எங்களுடையவை என்று பெஜோ ஆட்சேபித்ததால் 911 ஆனது. அன்றிலிருந்து இன்றுவரை இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால்தான். ஆறு சிலிண்டர், படுக்கைவாக்கில். இந்த வரிசையில் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். 1998-ல் உற்பத்தி முடிந்த, கடைசி ஏர்-கூல்டு (இன்ஜினைத் தண்ணீருக்குப் பதில் காற்றால் குளிர்விக்கும்) 911-ஆன 993 ஒன்று. 2018 இறுதியில் அறிமுகமாகி 2019-லிருந்து சாலையில் ஓடும் 992 இன்னொன்று. இரண்டிலும் அடிப்படை கரேரா மாடல்தான் கணக்கு.

என் அளவுகோல் ஒன்றுதான். நீங்கள் நிஜமாகவே ஓட்டப்போகும் வேகத்தில் இந்தக் கார் உங்களுக்கு என்ன தருகிறது?

வேகக் கணக்கு

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 992 அறிமுகமானபோது அதற்கு 385 குதிரைத்திறன். நிற்கும் நிலையிலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட 4.2 விநாடி, உச்ச வேகம் 293 கி.மீ. 993 அறிமுகமானபோது அதற்கு 272 குதிரைத்திறன், 5.6 விநாடி, 270 கி.மீ. பழசு தோற்றது, வழக்கு முடிந்தது. ஆனால் தோற்ற வண்டியின் எண்களையே இன்னொரு தடவை பாருங்கள். பொதுச் சாலையில் அதையே முழுதாகப் பயன்படுத்த இடம் கிடைக்காது. இரண்டாவது கியரில் ஒரு முறை முழுசாக மிதித்தாலே பல ஊர்களில் வேக வரம்பு தாண்டிவிடும். ஆக, வேகத்தை வைத்து இந்த இரண்டுக்கும் இடையே முடிவு எடுப்பவர், தான் ஓட்டவே போகாத காரை வாங்குகிறார் என்றுதான் சொல்வேன்.

70 கி.மீ. வேகத்தில் என்ன நடக்கிறது?

உண்மையான வித்தியாசம் இங்கேதான். 993-க்குள் உட்கார்ந்ததும் முதலில் காலுக்குத் தெரியும்: பெடல்கள் மேலிருந்து தொங்கவில்லை, தரையிலிருந்து முளைத்து நிற்கின்றன. கிளட்சை மிதிக்கும்போது பாதம் கீழ்நோக்கி ஒரு வளைவில் போகும். பழகாதவருக்கு முதல் அரை மணி நேரம் கணுக்கால் எங்கே இருக்கிறதென்றே பிடிபடாது. எதிரே ஐந்து வட்ட மீட்டர்கள், நடுவில் பெரிதாக இன்ஜின் சுழற்சியைக் காட்டுவது. ஸ்விட்சுகள் காலப்போக்கில் இடம் கிடைத்த இடத்தில் செருகியவை மாதிரி டேஷ்போர்டு முழுக்கச் சிதறிக் கிடக்கும். 1960-களின் உடம்புக்குள் 1990-களின் வசதிகளைத் திணித்தால் வேறு எப்படி இருக்கும்? கண்ணாடித் தூண்கள் மெலிசு என்பதால் வெளியே பார்வை மட்டும் பிரமாதம்.

வண்டி நகர ஆரம்பித்ததும் ஸ்டீயரிங் பேசும். ஹைட்ராலிக் உதவி உண்டு, ஆனாலும் முன் சக்கரம் சின்னக் கல்லின் மேல் ஏறினாலும் அது கைக்கு வந்துசேரும். பின்பாரமான கார் என்பதால் முன்பக்கம் லேசு. வளைவுக்குள் நுழையும்போது பிரேக்கைக் கொஞ்சம் பிடித்தபடி போனால் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்கும். பிறகு பொறுமையாக ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டும், பாதி வளைவில் பயந்துபோய்க் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் எடை முன்னால் சாயும், பின் டயர்களின் பிடி குறையும், பின்பக்கம் வெளியே வீசும். பழைய 911-களின் கெட்ட பெயருக்குக் காரணமே இதுதான். 993-ல் பின் சஸ்பென்ஷனைப் புதிதாக மல்டி-லிங்க் முறையில் அமைத்து இந்தக் குணத்தை வெகுவாக அடக்கினார்கள். அடக்கினார்களே தவிர ஒழிக்கவில்லை. இயற்பியலை ஒழிக்க முடியாதே.

ஆக 70 கி.மீ. வேகத்திலேயே உங்களுக்குக் கை நிறைய வேலை. கியரை மாற்ற வேண்டும், பின்னாலிருந்து வரும் விசிறிச் சத்தத்தைக் கேட்டு எப்போது மாற்றுவதென்று முடிவு செய்ய வேண்டும், வளைவுக்கு முன்பே யோசிக்க வேண்டும்.

அதே வளைவில், அதே வேகத்தில் 992 சும்மா போய்விடும். குறை சொல்லவில்லை, பொறியியலாக அது பெரிய சாதனை. பின்னால் 295 மி.மீ. அகல டயர், 993-ன் அடிப்படைப் பின் டயர் 245 மி.மீ. பி.டி.கே. எனும் எட்டு கியர் தானியங்கிப் பெட்டி நீங்கள் நினைப்பதற்குள் மாற்றிவிடும். இரட்டை டர்போ 3.0 லிட்டர் இன்ஜின் தாழ்ந்த சுழற்சியிலேயே 450 நியூட்டன் மீட்டர் இழுவையைக் கொடுக்கும். ஸ்டீயரிங் மின்மோட்டார் உதவியில் இயங்குவது. துல்லியமானது, ஆனால் சாலையின் சில்லறைச் செய்திகளை வடிகட்டிவிட்டுத்தான் கைக்குக் கொடுக்கும். விளைவு, இந்தக் கார் வாய் திறக்கும் வேகம் மிக உயரத்தில் இருக்கிறது. அங்கே போக உங்களுக்கு ரேஸ் டிராக் வேண்டும். டிராக்குக்கு அடிக்கடி போகிறவர் என்றால் இந்தப் பத்தியை மறந்துவிட்டு 992-ஐ வாங்குங்கள். மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

அளவும் ஒரு விஷயம். 993 அகலம் 1735 மி.மீ., 992 அகலம் 1852 மி.மீ. நீளத்தில் 27 சென்டிமீட்டர் வித்தியாசம். எடை 1370 கிலோவிலிருந்து 1505 கிலோ ஆகிவிட்டது. காகிதத்தில் சின்ன எண்கள்தான். குறுகிய மலைச்சாலையில் எதிரே லாரி வரும்போது அந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரின் அருமை புரியும். பழைய கார் தன் தடத்துக்குள்ளேயே கோடு போட்டு வளைய இடம் விட்டிருக்கும். புதியது தடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். (எல்லா வம்சமும் இப்படி ஊதவில்லை. மாஸ்டா எம்.எக்ஸ்-5-ன் 2015 தலைமுறை, 1989-ல் வந்த முதல் தலைமுறையைவிட நீளத்தில் குட்டை. மனம் வைத்தால் முடியும் என்பதற்கு அது சாட்சி.)

மழை வந்தால்

இங்கே விவாதமே கிடையாது. 993-ல் ஏ.பி.எஸ். உண்டு, இரண்டு ஏர்பேக் உண்டு. காரின் நிலைத்தன்மையைக் காக்கும் மின்னணு அமைப்பு கிடையாது. அது அடுத்த தலைமுறையில்தான் 911-க்கு வந்தது. ஈரச் சாலையில் தவறாகக் காலை எடுத்தால் காப்பாற்ற உங்கள் இரண்டு கைதான். 992-லோ முன் சக்கர வளைவுகளுக்குள் ஒலி உணரிகள் இருக்கின்றன. டயர் வாரியிறைக்கும் தண்ணீர்ச் சத்தத்தை வைத்தே சாலை எவ்வளவு ஈரம் என்று கணித்து, ‘வெட் மோடு’க்கு மாறச் சொல்லும். மாறினால் ஆக்சிலரேட்டரின் துடுக்கு அடங்கிவிடும். ராத்திரி, மழை, களைப்பு மூன்றும் சேரும் பயணங்கள் உங்கள் வாழ்க்கையில் வழக்கமென்றால், இருப்பது ஒரே கார் என்றால், 993 பக்கம் போகவே வேண்டாம். காதல் கண்ணை மறைக்கக் கூடாத இடம் இது.

கராஜுக்குள்

பழைய காரோடு வாழ்வதென்றால் என்ன என்பதை ஆயில் பார்க்கும் முறையிலேயே தெரிந்துகொள்ளலாம். 993-க்கு ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. மொத்தக் கொள்ளளவு சுமார் 11 லிட்டர், ஏனென்றால் இன்ஜினைக் குளிர்விப்பதில் காற்றோடு ஆயிலுக்கும் பெரும்பங்கு. அளவு பார்க்க வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நன்றாகச் சூடேறிய பிறகு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே குச்சியை உருவிப் பார்க்க வேண்டும். அணைத்துவிட்டுப் பார்ப்பவர் குறைவென்று நினைத்து மேலும் ஊற்றுவார். தேவைக்கு மேல் ஊற்றிய ஆயில் காற்றுக் குழாய் வழியாக இன்ஜினுக்குள் போய்ப் புகையாக வெளியே வரும். 992-ல் குச்சியே இல்லை. திரையைத் தொட்டால் அளவு சொல்லும்.

993-ன் வியாதிகள் ஊரறிந்தவை, அதுவே ஒரு வசதி. முன்கண்ணாடி, பின்கண்ணாடி ரப்பருக்கு அடியில் துரு பிடிக்கும். வெளியே ஒரு கொப்புளம் தெரிந்தால் உள்ளே அதைவிட அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப வருட வண்டிகளின் இன்ஜின் வயரிங்கில் மேலுறை பொடிப்பொடியாக உதிரும். சிலிண்டருக்கு இரண்டாக மொத்தம் பன்னிரண்டு ஸ்பார்க் பிளக். அவற்றுக்கு மின்பொறியைப் பகிர்ந்து கொடுக்க இரட்டை டிஸ்ட்ரிபியூட்டர், இரண்டையும் இணைக்க உள்ளே ஒரு குட்டி பெல்ட். அது அறுந்தால் வண்டி நின்றுவிடாது, ஓடிக்கொண்டே இருக்கும். பாதிப் பிளக்குகள் நின்றுபோனதே தெரியாமல் ஓட்டி இன்ஜினைக் கெடுத்துக்கொள்வார்கள். இதையெல்லாம் காதால் கேட்டே சொல்லக்கூடிய ஏர்-கூல்டு மெக்கானிக் எட்டும் தூரத்தில் இருக்கிறாரா? காரைத் தேடுவதற்கு முன்னால் அவரைத் தேடுங்கள்.

992 இப்போதைக்கு அப்படியெல்லாம் படுத்தாது. ஆனால் முன்கண்ணாடி உடைந்தால், அதன் பின்னால் கேமரா பொருத்திய காரில் கண்ணாடியை மாற்றினால் மட்டும் போதாது. கேமராவையும் மறுபடி அளவு சரிபார்க்க வேண்டும். பம்பரில் பட்ட சின்ன இடி உள்ளே இருக்கும் உணரியையும் கூட்டிக்கொண்டு போகலாம். பழசுக்கு உங்கள் நேரம் செலவாகும், புதுசுக்கு உங்கள் பணம்; கூடவே வாங்கிய நாளிலிருந்து இறங்கும் மதிப்பு. ஏர்-கூல்டு 911-களின் விலையோ 2010-களில் எகிறிப்போய், பெரும்பாலும் கீழே வராமல் நிற்கிறது. அதை நம்பி முதலீடாக வாங்குவது வேறு விளையாட்டு. விலை குறையுமோ என்று பயந்து ஓட்டாமல் மூடி வைத்தால் டயர் இறுகும், பெட்ரோல் கெடும், சீல்கள் காய்ந்து ஆயில் ஒழுகும்.

முப்பது வருடம் கழித்து

புதுசின் பக்கம் நின்று வாதாடுகிறவர்கள் இதை அதிகம் பேசுவதில்லை. 993 இன்றும் ஓடுகிறதென்றால், அதில் உள்ள பெரும்பாலானவற்றைக் கழற்றி, தேய்த்து, மாற்றி மறுபடி பூட்ட முடியும் என்பதால்தான். போர்ஷேயே பழைய வண்டிகளுக்கு உதிரிபாகம் தயாரித்துக் கொடுக்கிறது. பழைய ரேடியோ இருந்த இடத்தில் பொருந்தும் நவீன வழிகாட்டிக் கருவிகூட விற்கிறது. 992-ன் ஆயுளோ நிறையக் கணினிகளையும் அவற்றின் மென்பொருளையும் நம்பியிருக்கிறது. ஆரம்ப 992-ல் நடுவில் ஒரே ஒரு நிஜ முள் மீட்டராவது இருந்தது. 2024-ல் வந்த புதுப்பிப்பில் அதுவும் போய் முழுக்கத் திரையாகிவிட்டது, திருகி ஸ்டார்ட் செய்யும் குமிழ் பொத்தானாகிவிட்டது. 2050-களில் அந்தத் திரை செத்தால் யார் சரிசெய்வார்? வழி பிறக்கலாம். ஆனால் பழைய டிஸ்ட்ரிபியூட்டரைப் பிரித்துப் போடுவது போல அது நடக்காது.

மூன்றாவது ஆள்

இரண்டுக்கும் நடுவே தடுமாறுகிறவர்களுக்கு என் சிபாரிசு இரண்டுமே இல்லை. 2008-ல் புதுப்பிக்கப்பட்டு 2012 வரை வந்த, இடைப்பட்ட 911 தலைமுறையான 997-ன் பிற்பகுதி வண்டிகளைப் பாருங்கள். கரேரா எஸ் என்றால் 3.8 லிட்டர், டர்போ இல்லாமலேயே 385 குதிரைத்திறன். ஆரம்ப அடிப்படை 992-க்கு இருந்த அதே எண். எடை 1425 கிலோ, அகலம் 1808 மி.மீ. நிலைத்தன்மைக் காப்பு உண்டு, ஸ்டீயரிங் இன்னும் ஹைட்ராலிக், ஆறு கியர் மேனுவல் கிடைக்கும். அதற்கு முந்தைய வாட்டர்-கூல்டு கரேரா இன்ஜின்களில் உடைந்து இன்ஜினையே கெடுக்கும் என்று பயமுறுத்திய இடைத்தண்டு பேரிங் இந்த இன்ஜினில் கிடையாது; அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். ஆகவே வருடத்தை மட்டும் பார்க்காமல் இன்ஜின் எது என்று கேட்டு உறுதி செய்யுங்கள். 2008-ன் ஆரம்பத்தில் விற்றவை பழைய இன்ஜினோடு இருக்கும்.

ஈரம் ஏறாத கராஜ், கைவசம் மெக்கானிக், தினசரிக்கு வேறு வண்டி மூன்றும் உள்ளவருக்கு மட்டும் 993. அந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேண்டாம்.

எதை வாங்கினாலும் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். 993 என்றால் இன்ஜின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்; நீங்கள் போகும் முன்பே விற்பவர் சூடேற்றி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். படுக்கைவாக்கு இன்ஜினில் ஸ்டார்ட் ஆனதும் கொஞ்சம் நீலப்புகை வருவது சகஜம், நிற்காமல் வந்தால் ஆபத்து. சிலிண்டர் கசிவுச் சோதனையை வேறொரு மெக்கானிக்கிடம் செய்து பாருங்கள். டயர் பக்கவாட்டில் உள்ள நான்கிலக்க எண்ணைப் படியுங்கள்: 2314 என்றால் 2014-ன் 23-ஆவது வாரம் செய்தது. பத்து வருட டயரோடு நிற்கும் கார், பராமரிப்பு பற்றி உரிமையாளர் சொல்வது எவ்வளவு நம்பத்தக்கது என்று சொல்லிவிடும். 997 என்றால் கணினியில் பதிவான மிகைச்சுழற்சிக் கணக்கை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். தவறான கியரில் போட்டு இன்ஜினை அலறவிட்டது எவ்வளவு என்பதும், கடைசியாக அப்படி நடந்தது இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருந்தபோது என்பதும் அதில் இருக்கும்.