செஷனைத் திறந்தே வைப்பதா, ஜாயின் ஃபெட்ச்சா?

சிங்கப்பூர் தேக்கா கடை ஒன்றின் இணைய ஆர்டர் பக்கம்: 50 ஆர்டர், ஒவ்வொன்றிலும் பொருள் பட்டியல். ஜாவா ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட்டில், செஷனைத் திறந்தே வைக்கும் ஓப்பன்-இன்-வியூ நாம் கேட்காமலே இயங்கும். பக்கம் தயாராகும்வரை ஹைபர்னேட் (ஜாவா நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் கருவி) செஷன் திறந்திருப்பதால், மூடியபின் இன்னும் எடுக்காத தரவைத் தொட்டால் வரும் லேசி இனிஷியலைசேஷன் எக்ஸப்ஷன் என்ற பிழை தலைகாட்டாது. வசதிதான். ஆனால் டெம்ப்ளேட் ஒவ்வொரு பட்டியலையும் தொடத் தொட டேட்டாபேஸுக்கு ஒரு குவரி, ஆர்டர்களை எடுத்த ஒன்றையும் சேர்த்து மொத்தம் 51. முதல் குவரியில் எடுத்த கனெக்‌ஷனும் கடைசிவரை கைக்கு வராது. கனெக்ஷன்களைச் சேர்த்துவைத்துத் தரும் ஹிகாரி பூலில் மாற்றாவிட்டால் இருப்பதே 10. தீபாவளி வாரம் என்றால் கேட்கவே வேண்டாம்.

ஆர்டரையும் பட்டியலையும் சேர்த்தே எடுக்கும் ஜாயின் ஃபெட்ச்சில் சர்வீஸிலேயே ஒரே குவரி. செஷனை அங்கேயே மூடிவிடலாம். எழுதும் வேலை கொஞ்சம் கூடும். அப்புறம் ஒரு வில்லங்கம்: பட்டியலை ஃபெட்ச் செய்துகொண்டே ஆர்டர்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்தால், ஹைபர்னேட் எல்லா வரிகளையும் நினைவகத்துக்கு இழுத்துவந்துதான் பிரிக்கும். அங்கே ஐடிகளை மட்டும் முதலில் எடுத்து, பிறகு ஃபெட்ச் செய்வதே சரி. நாலு பேர் பார்க்கும் அலுவலகப் பக்கத்துக்கு முதல் வழியே போதும்.