இனிட்ராம்எஃப்எஸ் போதுமா, டிரைவரைக் கர்னலுக்குள்ளேயே வைக்கலாமா?

சொந்தமாகக் கம்பைல் செய்த லினக்ஸ் கர்னல் (சிஸ்டத்தின் மையக்கரு) பூட் ஆகும்போது 'அன்னோன்-பிளாக்(0,0)' என்று சொல்லி நின்றுவிட்டால், பெரும்பாலும் ரூட் பார்ட்டிஷனை (சிஸ்டம் இருக்கும் டிஸ்க் பகுதியை) அதனால் எட்ட முடியவில்லை என்றுதான் அர்த்தம். சரிசெய்ய இரண்டு வழி.

ஒன்று, இனிட்ராம்எஃப்எஸ்: ரூட்டை எட்டத் தேவையான டிரைவர்களைச் சுமந்து, பூட்டின் தொடக்கத்தில் மெமரியில் ஏறும் கோப்பு. உபுண்டுவில் 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்', 'மேக் இன்ஸ்டால்' ஓட்டினாலே வழக்கமாக அதுவும் உருவாகிவிடும். விடுபட்டிருந்தால், கிரப் மெனுவின் (பூட் ஆகும்போது வரும் தேர்வுப் பட்டியலின்) 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கர்னலில் நுழைந்து 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ்', அப்புறம் 'அப்டேட்-கிரப்'. டீபக் தகவல் ஒட்டிய மாட்யூல்களால் (தனிக் கோப்பாக இருக்கும் டிரைவர்களால்) இந்தக் கோப்பு ஊதிப்போய் பூட் பார்ட்டிஷனே நிரம்பிவிடுவதும் உண்டு. 'மேக் மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' ஓட்டும்போது 'இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1' சேர்த்தால் இளைத்துவிடும்.

இன்னொன்று, டிஸ்க்குக்கான என்விஎம்இ அல்லது ஏஹெச்சிஐ டிரைவரையும் ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4-ஐயும் கர்னல் கான்ஃபிக்கில் 'எம்' (தனி மாட்யூல்) என்பதற்குப் பதில் 'ஒய்' (கர்னலுக்குள்ளேயே) ஆக்குவது. கேட்கச் சுலபம்தான். ஆனால் பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: பூட் வரியில் 'ரூட்=யூயூஐடி' (ஃபைல் சிஸ்டத்தின் அடையாள எண்) என்று எழுதினால், இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத தனிக் கர்னலுக்குப் புரியாது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸின் வேலை. 'பார்ட்யூயூஐடி' (பார்ட்டிஷனின் அடையாள எண்) கொடுத்தால் கர்னலே புரிந்துகொள்ளும்.

ஓசூர்ப் பட்டறையில் ஒரே மெஷினோடு கட்டிப்போட்ட கணினி என்றால் இரண்டாவது வழி எனக்குப் பிடிக்கும், பாகங்கள் மாறப்போவதில்லை. தருமபுரியில் ரிப்பேர் கடை வைத்து, ஒரே டிஸ்க்கை வருகிற கணினியில் எல்லாம் மாட்டிப் பார்க்கிறவருக்கு முதல் வழிதான். லக்ஸ் என்கிரிப்ஷனோ (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் முறை) எல்விஎம்மோ (டிஸ்க் இடத்தைப் பகிர்ந்து நிர்வகிக்கும் அடுக்கு) ரூட்டில் இருந்தால் பேச்சே இல்லை, இனிட்ராம்எஃப்எஸ்தான்.