பழைய பைக்குக்கு புது மேனிஃபோல்டு ரப்பர் செட்: வாங்கலாம், ஆனா அரமும் எடுத்து வச்சுக்குங்க

தீர்ப்ப மொதல்லயே சொல்லிடறேன். கார்ப்ரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவுல வர்ற மேனிஃபோல்டு ரப்பர் வெடிச்சிருந்தா புதுசு வாங்கிடுங்க, ஒட்டு வேலை எதுவும் வேணாம். ஏர் பாக்ஸ் (ஏர் ஃபில்டர் உக்கார்ற டப்பா) பக்கம் இருக்கற ரப்பர் வெறுமனே இறுகிப் போயிருந்தா அதத் தூக்கிப் போடாதீங்க, அதுக்கு வேற வழி இருக்கு.

நான் போட்டது வெளி கம்பெனி செட், ஏன்னா ஒரிஜினல் இந்த மாடலுக்கு வர்றது எப்பவோ நின்னு போச்சு. பைக்கு ரெண்டு கார்ப்ரேட்டர் உள்ள பழைய ட்வின், அதாவது ரெண்டு சிலிண்டர் வண்டி. கம்ப்ளெயிண்ட் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆக்ஸிலேட்டர விட்டாலும் ரேஸ் உடனே இறங்காது, வண்டி சூடானா ஐடிலிங் தானா மேல ஏறும், இறக்கத்துல ஆக்ஸிலேட்டர மூடினா சைலென்சர்ல பட்பட்னு வெடிக்கும், பிளக்க கழட்டிப் பாத்தா வெள்ளையா இருக்கும். இதுக்குப் பேரு ஏர் லீக்கு, அதாவது விரிசல் வழியா வெளிக்காத்து உள்ள போயி பெட்ரோல் பத்தாம போறது, ஆனா நம்மாளுங்க கார்ப்ரேட்டரத்தான் திரும்பத் திரும்பக் கழட்டிக் கழுவுவாங்க, அது பாவம் என்ன பண்ணும்.

கன்ஃபார்ம் பண்றதுக்கு வண்டிய ஐடிலிங்ல விட்டுட்டு மேனிஃபோல்டு ஜாயிண்ட சுத்தி கார்ப் கிளீனர கொஞ்சமா அடிச்சுப் பாருங்க, ரேஸ் மாறுச்சுன்னா அந்த எடத்துலதான் காத்து உள்ள போகுது. அது பத்திக்கிற சாமான், சைலென்சர் பக்கம் அடிக்காதீங்க, பக்கத்துல தீயணைப்பான் இருக்கணும். வெளிய பாத்தா ரப்பர் நல்லாத்தான் தெரியும், கையில எடுத்து மடக்கினாத்தான் விரிசல் வாயத் தொறக்கும். என்னோடதுல ரப்பர் அலுமினியத்தோட சேர்ற எடத்துலயே பழைய செருப்பு சோல் மாதிரி பிரிஞ்சு நின்னுச்சு. சிலிக்கான் கம் வச்சு மூடலாம்னு யாராவது சொன்னா கேட்டுக்காதீங்க, சாதாரண சிலிக்கான் பெட்ரோல் பட்டா ஊதிப் போயி உரிஞ்சு வந்துடும், அந்தத் துண்டு எங்க போகும்னு நீங்களே யோசிங்க.

சரி செட்டுக்கு வர்றேன். ரப்பர் தரம் நல்லாவே இருக்கு, அழுத்தினா கொடுக்குது, விட்டா திரும்புது. ஹெட்டோட சேர்ற அலுமினிய ஃபிளேஞ்சுதான் சொதப்பல். கண்ணாடி மேல வச்சா ஒரு மூலை ஆடுது. கண்ணாடி மேல 400 நம்பர் உப்புத்தாள் ஒட்டி, எட்டு போடற மாதிரி தேச்சு சமப்படுத்தினேன், ரொம்பத் தேய்க்கக் கூடாது, ஓ-ரிங் (காத்து போகாம அடைக்கற ரப்பர் வளையம்) உக்கார்ற காடி ஆழம் கொறஞ்சிடும். உள் துவாரத்துல ரப்பரும் அலுமினியமும் சேர்ற எடத்துல மோல்டு பிசிறு ஒரு வரம்பு மாதிரி நீட்டிக்கிட்டிருந்துச்சு, அதையும் அரத்தால எடுத்தாச்சு. காசு வாங்கறவன் செய்ய வேண்டிய வேலை இது.

அதவிட மோசம் கூட வந்த ஓ-ரிங். காடியில வச்சு மேல ஸ்கேல் வச்சுப் பாத்தா ஸ்கேல் ரிங்க தொடவே இல்ல, நேரா ஃபிளேஞ்சுலதான் உக்காருது. ரிங் கொஞ்சம் மேல துருத்திக்கிட்டு நின்னாத்தானே நசுங்கி அடைக்கும்? அத ஓரமா வச்சுட்டு சரியான கனத்துல வைட்டான்ங்கற சூடு தாங்கற ரப்பர் ரிங் வாங்கிப் போட்டேன். சாதாரண நைட்ரைல் ரிங் ஹெட் சூட்டுல கொஞ்ச வருஷத்துல பிளாஸ்டிக் மாதிரி ஆயிடும், வைட்டான் 200 டிகிரி வரைக்கும் தாங்கும், பெட்ரோலும் ஒண்ணும் பண்ணாது. சுசுகி ஜிஎஸ் பைக் வச்சிருக்கறவங்களுக்கு இந்த ஓ-ரிங் கதை நல்லாவே தெரியும், ரப்பர் முழுசா நல்லா இருந்தும் பின்னாடி ஒளிஞ்சிருக்கற ரிங் செத்துப் போயி ஏர் இழுக்கும்.

கழட்டும்போது ஒண்ணு: பழைய ஜப்பான் வண்டியில மேனிஃபோல்ட ஹெட்டோட பிடிக்கற ஸ்க்ரூ பாக்க ஸ்டார் மாதிரி இருக்கும், ஆனா ஜேஐஎஸ் (ஜப்பான் தர அளவு) வகை, சாதாரண ஸ்டார் டிரைவர் போட்டா தலை வழுக்கிடும். ஜேஐஎஸ் பிட்டோட இம்பாக்ட் டிரைவர்ல ஒரு தட்டு தட்டுங்க. மாட்டும்போது எம்6 ஆலன் போல்ட்டா மாத்திட்டேன், மாத்தி மாத்தி இறுக்கி 10 என்எம் (நியூட்டன் மீட்டர்) இறுக்கத்துல நிறுத்தினேன்.

ஏர் பாக்ஸ் ரப்பருக்கு வின்டர்கிரீன் எண்ணெய், அதாவது மெத்தில் சாலிசிலேட், தசைவலி தைலத்துல வருமே அதே வாசனை. ஒரு பங்கு எண்ணெய்க்கு ரெண்டு மூணு பங்கு சைலீன்ங்கற கரைப்பான் கலந்து ஊற வச்சா இறுகின ரப்பர் எளகிடுது, கார்ப்ரேட்டர் சிரமமில்லாம உள்ள போகுது. அப்பப்ப எடுத்துப் பாக்கணும், விட்டா ஊதிப் பெருசாயிடும், சைலீன் ஆவியானப்புறம் ஓரளவு பழைய சைசுக்கு வரும். விரிசல இது ஒட்டாது, எளக மட்டும்தான் வைக்கும். கையுறை போட்டு வெட்டவெளியில வச்சுப் பண்ணுங்க, குழந்தைங்க கைக்கு எட்டவே கூடாது, அந்த எண்ணெய் கொஞ்சம் வாய்க்குள்ள போனாலே விஷம்.

ரப்பர கார்ப்ரேட்டரோட இறுக்கிப் பிடிக்க செட்டோட வந்த கிளாம்ப் மெலிசு, பழைய கிளாம்பே கெட்டியா இருந்ததால அதையே துரு எடுத்துப் போட்டேன்.

வண்டி இப்ப ஐடிலிங்ல ஒரே எடத்துல நிக்குது, காத்து-பெட்ரோல் கலவைய சரி பண்ற மிக்சர் ஸ்க்ரூவ திருப்பினா எஞ்சின் கேக்குது, முன்னாடி எந்தப் பக்கம் திருப்பினாலும் வித்தியாசமே இருக்காது. ஆனா மாட்டின கையோட பிளக் கருப்பாச்சு. பாத்தா முன்னாடி கை வச்ச எவரோ ஏர் லீக்க சமாளிக்க பெரிய பைலட் ஜெட் (ஐடிலிங்ல பெட்ரோல் விடற சின்னத் துளை உள்ள பாகம்) போட்டு வச்சிருக்காங்க. லீக்கு அடைஞ்சதும் பெட்ரோல் ஜாஸ்தியாயிடுச்சு. சர்வீஸ் மேனுவல்ல இருக்கற நம்பர் ஜெட்டையே திரும்பப் போட்டு, வேக்கம் கேஜ் (எஞ்சின் காத்த உறிஞ்சற அளவக் காட்டற மீட்டர்) வச்சு ரெண்டு கார்ப்ரேட்டரையும் சமமாக்கினப்புறம்தான் பிளக் பழுப்பு நெறத்துக்கு வந்துச்சு. அதனால ரப்பர் ஆர்டர் போடும்போதே உள்ள என்ன ஜெட் இருக்குன்னு ஒருவாட்டி பாத்துடுங்க, தேவைப்பட்டா அதையும் சேத்தே வாங்கிடலாம்.