"உங்க ஊர் ஜனங்களுக்கு மட்டும் விளம்பரம் காட்டறோம்"னு வர்றவங்ககிட்ட கொஞ்சம் உஷாரா இருங்க

தாராபுரம், காங்கயம், மூலனூர், உடுமலை சைடு கடை வெச்சிருக்கற நம்மாளுங்க இதை ஒருக்கா படிச்சிருங்க. ஆன்லைன்ல பேனர் விளம்பரம் போட்டுத் தர்றோம், உங்க கடையைச் சுத்தி இருக்கறவங்க போன்ல மட்டும் வரும்னு சொல்லிட்டு ஒரு ஏஜென்சிக்காரங்க கடை கடையா ஏறி எறங்கிட்டு இருக்காங்க. பேரு போடலீங்க, புகார் நடக்கறதுனால இப்போதைக்கு வேண்டாம்னு வக்கீல் சொல்லியிருக்காரு.

நம்மளது பர்னிச்சர் கடை. கட்டில், பீரோ, சோபா, டைனிங் டேபிள். நம்ம பக்கம் கல்யாணச் சீருக்குத்தான் யாவாரமே, ஆடி முடிஞ்சு ஆவணி முகூர்த்தம் ஆரம்பிச்சா கடைல நிக்க நேரம் இருக்காது. பீரோவை கூரியர்ல அனுப்ப முடியாதுங்க, டாட்டா ஏஸ்ல ஏத்திட்டுப் போயி மாடி ஏத்தி பூட்டிக் குடுத்துட்டு வரோணும், அதனால குண்டடம், அலங்கியம், மூலனூர், மிஞ்சிப் போனா வெள்ளகோயில், அதுக்கு அக்கட்டால போனா வண்டி வாடகைக்கே கட்டாது. இதை அந்த ஏஜென்சில இருந்து வந்த தம்பிகிட்ட மொத நாளே தெளிவா சொன்னேன். "அண்ணா, மேப்புல உங்க கடை மேல பின்னு குத்தி வட்டம் போட்டுருவோம், வட்டத்துக்கு வெளிய ஒருத்தன் கண்ணுக்குக் கூட தெரியாது"ன்னாரு. மாசம் 30,000, அதுல 25,000 நேரா கூகுளுக்குப் போயிரும், 5,000 அவங்க கூலி, ஜிஎஸ்டி 18 சதம் தனி. பேச்சு இதுதான், வாட்ஸ்அப்லயும் இருக்கு.

மாசம் முடிஞ்சா கலர் கலரா ஒரு பிடிஎஃப் வரும். இத்தனை லட்சம் பேர் பார்த்தாங்க, இத்தனை ஆயிரம் கிளிக்கு. பார்க்க நெம்ப நல்லாத்தான் இருக்கும். ஆனா கடைல ஒரு ஈ காக்கா எச்சா வரலை. வந்த போனும் எப்படி இருந்துச்சுங்கறீங்க, ஒருத்தர் நாகர்கோயில்ல இருந்து "அண்ணாச்சி, டெலிவரி ஃப்ரீதானே"ங்கறாரு, இன்னொரு அம்மா பெங்களூர்ல இருந்து சோபா ஈஎம்ஐல கெடைக்குமான்னு கேக்குது, ஓசூர்ல பிராஞ்ச் இருக்கான்னு ஒருத்தர். வட்டத்துக்கு வெளிய தெரியாதுன்னீங்களே தம்பின்னு கேட்டா "பிராண்ட் ரீச் ஆகுதுண்ணா, பொறுமையா இருங்க, அல்காரிதம் கத்துக்கிட்டு இருக்கு"ன்னு பதில். அது என்னத்தைக் கத்துக்குதோ, நம்ம காசுல.

என்ற மச்சான் பையன் கோயமுத்தூர்ல ஐடில இருக்கான், ஒரு ஞாயித்துக்கெழமை வந்தப்ப பிடிஎஃப்பைக் காட்டுனேன். பார்த்துட்டு "மாமா, இது அவங்களே டைப் பண்ணது, கூகுள் கணக்கு நம்பர் 10 இலக்கத்துல ஒண்ணு இருக்கும், அதைக் கேளுங்க, கணக்கைப் பார்க்கறதுக்கு அனுமதியும் கேளுங்க"ன்னான். கேட்டா எழுபத்தெட்டு சாக்கு. கம்பெனி ரகசியம்னாங்க, மேனேஜர் லீவுன்னாங்க. பையன்தான் கூகுளோட விதியையே எடுத்து அனுப்பச் சொன்னான். நமக்காக விளம்பரம் ஓட்டற ஏஜென்சி, கணக்கு நம்பரைக் கேட்டா குடுத்தாகோணும், எத்தனை தடவை காட்டுச்சு, எத்தனை கிளிக்கு, எவ்வளவு செலவுங்கறதை மாசத்துக்கு ஒருக்காவாவது சொல்லோணும், தனியா கூலி வாங்குனா அதையும் மறைக்கக் கூடாது. இது கூகுளே போட்டு வெச்சிருக்கற விதிதாங்க. அதை அனுப்புன பொறவுதான் பார்க்க மட்டும் அனுமதி குடுத்தாங்க.

உள்ள போயி பார்த்தா தலை சுத்திருச்சு. மாசம் 25,000 போகுதுன்னாங்களே, கூகுளுக்குப் போனது 8,000 சொச்சம். மிச்சம் எங்க போச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க, அதுக்கும் சேர்த்து நான் ஜிஎஸ்டி வேற கட்டியிருக்கேன். அவங்க குடுத்த பில்லுல "டிஜிட்டல் மார்க்கெட்டிங் சர்வீஸ்"னு ஒத்தை வரிதான், கூகுள் பில்லுன்னு ஒண்ணை கண்ணுலயே காட்டலை.

அப்புறம் விளம்பரம் எங்க எங்க காட்டுச்சுன்னு ஒரு பட்டியல் வருதுங்க. இதுதான் முக்கியம், ஏன்னா இந்த பேனர் விளம்பரம் கூகுள்ல தேடறப்ப மேல வர்ற விளம்பரம் இல்லை. கட்டில் வேணும்னு தேடறவனுக்கு காட்டறது வேற, வேற ஏதோ படிச்சுட்டோ வெளையாடிட்டோ இருக்கறவன் குறுக்க காட்டறது வேற, இது ரெண்டாவது ரகம். கூகுளோட இந்த வலையில 20 லட்சத்துக்கு மேல சைட்டு, வீடியோ, ஆப்பு எல்லாம் சேந்து இருக்கு. அதுல எதெது வேணும் எதெது வேண்டாம்னு பிரிக்கறதுக்குத்தான் ஏஜென்சிக்குக் கூலியே. என்ற பட்டியல்ல என்ன இருந்துச்சு? பலூன் உடைக்கற கேமு, கொழந்தைங்க கலர் அடிக்கற கேமு, டார்ச் லைட் ஆப்பு, கீபோர்டு ஆப்பு. செய்தி படிக்கற சைட்டு அங்கொண்ணும் இங்கொண்ணும். அந்த பலூன் கேமை பையன் அவன் போன்ல போட்டு தம்பி புள்ளைகிட்ட குடுத்தான், ஒரு ஆட்டம் முடிஞ்சு அடுத்த ஆட்டத்துக்குப் போற பொத்தான் எங்க இருக்கோ அதை ஒட்டியே கீழ பட்டையா ஒரு விளம்பரம், மூடற எக்ஸ் குறி எள்ளு சைஸ்ல. பாப்பா விரலு நேரா அதும் மேலதான் போச்சு. நாங்க பார்த்தப்ப வந்தது வேற யாரோட விளம்பரமோ, ஆனா என்ற கட்டில் பீரோ விளம்பரத்துக்கு வந்த கிளிக்குல பாதிக்கு மேல இந்த மாதிரி கேமுலதான். ஆப்பு வகையையெல்லாம் ஒட்டுக்கா விலக்கி வெக்கறதுக்கு செட்டிங்லயே வழி இருக்கு, அவங்க தொடவே இல்லை. தொட்டா கிளிக்கு எண்ணிக்கை கொறையும், பிடிஎஃப்பு நல்லா இருக்காது பாருங்க.

பார்த்தாங்க பார்த்தாங்கன்னு லட்சக்கணக்குல போடறாங்களே, அதையும் சொல்லிடறேன். விளம்பரத் தொழில்ல ஒரு பேனர் "பார்க்கக் கூடியதா இருந்துச்சு"ன்னு எண்ணறதுக்கு அதுல பாதி அளவு ஒரு செகண்டு ஸ்கிரீன்ல இருந்தா போதும். அவ்வளவுதான் அளவுகோலு. என்ற பிடிஎஃப்ல போட்டிருந்தது அந்தக் கணக்கு கூட இல்லீங்க, சைட்டுப் பக்கம் தொறந்தப்ப அதுல லோடு ஆனது எல்லாத்தையும் கூட்டி வெச்சது, கீழ வரைக்கும் தள்ளிப் பார்க்காம மூடிட்டுப் போனவனும் அதுல அடக்கம்.

வட்டத்துக்கு வர்றேன். பின்னு குத்துனது நெசந்தான். ஆனா அதுக்குப் பக்கத்துலயே ரெண்டு ஆப்ஷன் இருக்கு, அந்த ஊர்ல இருக்கறவங்க இல்ல அடிக்கடி வந்து போறவங்களுக்கு மட்டும்னு ஒண்ணு, அவங்களோட சேத்தி அந்த ஊர் மேல ஆர்வம் காட்டுனவங்களுக்கும்னு ஒண்ணு. நாம மாத்தாம விட்டா இந்த ரெண்டாவதுதான் இருக்கும். அப்ப சென்னைல உக்காந்துக்கிட்டு தாராபுரம் பஸ் டைம் தேடுனவனும் நமக்கு உள்ளூர்க்காரன் ஆயிடறான். அது கூட தெரியாம விட்டாங்கன்னு வெச்சுக்கலாம். ஆனா ரெண்டாவது மாசம் வட்டத்தையே எடுத்துட்டு மொத்தத் தமிழ்நாடும் கூட கர்நாடகாவும்னு மாத்தியிருக்காங்க, யாரு எப்ப எதை மாத்துனாங்கன்னு கணக்குல தனியா பதிவாயிருக்கு, அழிக்க முடியாது. ஊரு பெருசானா கிளிக்கு மலிவா விழும், சொன்ன எண்ணிக்கையைக் காட்டிறலாம். நாகர்கோயில் அண்ணாச்சி எப்படி வந்தாருன்னு அப்பத்தான் புரிஞ்சுது.

ஒண்ணு நியாயமா சொல்லோணும், வட்டம் போட்டாலும் அச்சு அசலா அதுக்குள்ள மட்டும் காட்டறது கஷ்டம்தான். மொபைல் நெட்டுல இருக்கறவங்க ஐபியை, அதாவது நெட் கனெக்ஷனோட முகவரி நம்பரை வெச்சு ஊரைக் கணிச்சா மூலனூர்க்காரர் கோயமுத்தூர்ல இருக்கறாப்ல காட்டும், லொகேஷன் ஆன் பண்ணியிருந்தாத்தான் சரியா வரும். அதனால யாராச்சும் வட்டத்துக்கு வெளிய ஒருத்தனுக்குக் கூட போகாதுன்னு அடிச்சுச் சொன்னா அங்கயே சந்தேகப்படுங்க.

உங்ககிட்ட வந்தாங்கன்னா கணக்கை உங்க மெயில் ஐடில, உங்க கார்டுல ஓப்பன் பண்ணச் சொல்லுங்க, அவங்க அதுக்குள்ள வந்து வேலை பார்த்துட்டுப் போகட்டும், கூலியைத் தனியா வாங்கிக்கட்டும். அதுக்கு ஒத்துக்கலைன்னா டீயைக் குடுத்து அனுப்பிடுங்க. நான் கேட்டப்ப கணக்கு எங்களோடதுண்ணா, மாத்தித் தர முடியாதுன்னுட்டாங்க, அதுல இருக்கற பழைய விவரம் எதுவும் என்ற கைக்கு வராது. கடைப் பேரு, நேரம், போட்டோ எல்லாம் கூகுள் மேப்புல சேர்க்கறது இலவசம்தான், அதுக்கும் எங்கிட்ட 3,500 வாங்கியிருக்காங்க, அதை இங்க தனியா எழுதலை, எழுதுனா பதிவு முடியாது.

இப்ப நெலவரம். "அடுத்த ரெண்டு மாசம் ஃப்ரீயா ஓட்டித் தர்றோம்ணா, பிரச்சனை பண்ணாதீங்க"ன்னு பேசுனாங்க, வேண்டாம்னுட்டேன், கூகுளுக்குக் கட்டாத மிச்சப் பணம் திரும்பி வரோணும்னு எழுத்துல கேட்டிருக்கேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டு புகாரும் பதிஞ்சாச்சு. யாவாரத்துக்கு வாங்குன சேவைன்னா நுகர்வோர் சட்டத்துல வராதுன்னு அவங்க சொல்லிப் பார்த்தாங்க, ஆனா 2019 சட்டத்துலயே சுயதொழில் பண்ணி பொழைக்கறதுக்காக மட்டும் வாங்குனதுன்னா விலக்கு இருக்குன்னு வக்கீல் சொல்றாரு, நான் ஒத்தை ஆளா நடத்தற கடைங்கறதுனால அதுல நிக்கும்ங்கறாரு. பில்லு, வாட்ஸ்அப் பேச்சு, அந்த மாத்துன பதிவோட ஸ்கிரீன்ஷாட்டு எல்லாம் எடுத்து வெச்சாச்சு. இதே பிடிஎஃப் டிசைன்ல வேற யாருக்காச்சும் ரிப்போர்ட் வந்திருந்தா தகவல் சொல்லுங்க, புகார்ல சேத்திக்கலாம்.