2 லிட்டரா 6 லிட்டரா? அல்ட்ராசோனிக் கிளீனர் வாங்கும்போது மொதல்ல டிரெயின் வால்வைப் பாருங்க

சத்த அலையால தண்ணிய அதிர வெச்சு பார்ட்ஸ் கழுவுற இந்த மெஷின் எங்க வீட்ல ரெண்டு பேருக்குத் தேவை. எனக்கு பழைய கார்பரேட்டர் புல்லட், மச்சானுக்கு ரைபிள் கிளப்ல சுடுற .22 துப்பாக்கி. மொதல்ல 2 லிட்டர் வாங்குனோம், அது போனப்புறம் டிரெயின் வால்வு (அழுக்குத் தண்ணிய வெளிய விடுற குழாய்), ஹீட்டர் ரெண்டும் இருக்கிற 6 லிட்டர். இது வந்து எட்டு மாசம்தான் ஆச்சு, பத்து வருஷம் தாங்குமான்னு என்னைக் கேக்காதீங்க.

கழுவுற வேலைல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரெண்டுலயும் சத்த அலை 40 கிலோஹெர்ட்ஸ்தான், தண்ணில பொடிப்பொடியா குமிழி வந்து உடையும்போது அழுக்கு உரிஞ்சு வந்துடும், கார்பரேட்டர்ல பெட்ரோல் போற பைலட் ஜெட்டோட பொடி ஓட்டைல கம்பி விட்டு நோண்டுற வேலையே இல்ல. சூடு 50-60 டிகிரி போதும், அதுக்கு மேல ஏத்துனா குமிழியோட அடி குறைஞ்சிடும்.

சைஸ்: 2 லிட்டர் தொட்டி உள்ள 15 சென்டிமீட்டர்தான் நீளம். கார்பரேட்டரைப் பிரிச்சுப் போட்டா அடங்கும், மச்சானோட துப்பாக்கி போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளிப் பூட்டுற நீளமான இரும்புத் துண்டு) அடங்காது, பாதி பாதியா திருப்பித் திருப்பிப் போட்டாரு பாவம். 6 லிட்டர்ல 30 சென்டிமீட்டர் இருக்கு. பேரல் (துப்பாக்கிக் குழல்) ரெண்டுலயும் போகாது, போகவும் வேணாம், அதுக்கு ராடும் துணியும் இருக்கு.

இப்ப விஷயத்துக்கு வரேன். வாங்குறப்ப எல்லாரும் வாட்ஸ் எவ்ளோன்னு பாக்குறாங்க, அழுக்குத் தண்ணிய எப்படி வெளிய எடுப்போம்னு யாரும் யோசிக்கிறதில்ல. எங்க 2 லிட்டர்ல வால்வு கிடையாது, தூக்கிக் கவுக்கணும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணி ஓரத்துல வழியும், ஒருநாள் அது மெஷின் பாடிக்குள்ள இறங்கி சர்க்யூட் போர்டு காலி. தப்பு என்மேலதான், ஆனா வால்வு இருந்திருந்தா அந்தத் தப்பே நடந்திருக்காது. 6 லிட்டர்னா தண்ணியே ஆறு கிலோ, அதை வால்வு இல்லாம வாங்கிட்டீங்கன்னா குவளைல மொண்டு மொண்டு ஊத்த வேண்டியதுதான், அப்புறம் சோம்பேறித்தனம் வந்து பழைய கருப்புத் தண்ணிலயே அடுத்ததையும் போடுவீங்க, எடுத்த அழுக்கு திரும்பப் போய் ஒட்டிக்கும். வால்வுலயும் சேறு அடைக்கும், கடைசில நல்ல தண்ணி ஊத்தி ஒருதடவை ஓட விடுங்க.

பெரிய தொட்டிக்கு லிக்விட் செலவு ஜாஸ்தின்னு சொல்றது நிஜம். அதுக்கு ஒரு வழி இருக்கு: தொட்டில வெறும் தண்ணி, பார்ட்ஸும் கிளீனிங் லிக்விடும் ஒரு கண்ணாடி பீக்கர்ல, அதைக் கூடைல வெச்சுட்டா தொட்டி சுத்தமாவே இருக்கும். பெட்ரோல் மட்டும் பீக்கர்லகூட வேணாம், ஹீட்டர் மேல ஆவி கிளம்பிப் பத்திக்கும். காஸ்டிக் கலந்ததும் வேணாம், கார்பரேட்டர் அலுமினியம் கறுத்து அரிச்சுப் போயிடும்.

துப்பாக்கி பார்ட்ஸ் கழுவுன தண்ணில ஈயம் இருக்கும். கிளவுஸ் போடுங்க, சமையல்கட்டு சிங்க்ல ஊத்தாதீங்க, செடிக்கும் ஊத்தாதீங்க, மச்சான் தனி கேன்ல சேத்து வெக்கிறாரு (அக்கா போட்ட சத்தத்துக்கு அப்புறம்). மரக்கட்டை ஸ்டாக் (தோள்ல வெக்கிற கட்டை), ஸ்கோப், ரப்பர் ஓ-ரிங் எதுவும் உள்ள போகக்கூடாது. தோட்டா பக்கத்துலயே வரக்கூடாது, சொல்லணுமா என்ன.

வெளிய எடுத்ததும் காய வெச்சு உடனே எண்ணெய் போடணும். இருந்த எண்ணெயெல்லாம் மொத்தமா போயிருக்கும், மழை நாள்ல ராத்திரி அப்படியே விட்டா காலைல போல்ட்ல துரு.

வெறும் போல்ட்டும் ட்ரிக்கரும் மட்டும்னா 3 லிட்டரே போதும், உள்ள 24 சென்டிமீட்டர் வரும். ஆனா அந்த சைஸ்ல வால்வு இல்லாத மாடல் நிறைய விக்குறாங்க, படத்துல பக்கவாட்டுல குழாய் தெரியுதான்னு பாத்துட்டு காசு கட்டுங்க.