பிளஸ் டூ காமர்ஸ் குரூப்புக்கு எந்த கால்குலேட்டர்?

காமர்ஸ் குரூப்பில் சேர்ந்த பிள்ளைக்கு கால்குலேட்டர் வாங்கப் போகும் பெற்றோர் பலர் சயின்டிஃபிக் மாடலோடு திரும்புகிறார்கள். பட்டன் அதிகம், விலையும் அதிகம், அப்படியானால் நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைப்பு. சைன், காஸ் எல்லாம் இருக்கும். கணக்குப்பதிவியலுக்கு வேண்டிய ஜிடி (கிராண்ட் டோட்டல், = தட்டி வந்த விடைகளின் மொத்தம்), இரட்டைச் சுழி (00), செக் (தட்டியதைத் திரும்பிப் பார்ப்பது) பட்டன்கள் இருக்காது. பிளஸ் டூ முடித்துச் சிஏ ஃபவுண்டேஷன் (பட்டயக் கணக்காளர் படிப்பின் முதல் தேர்வு) எழுதப் போனால் அந்த மெஷினை ஹாலுக்குள் கொண்டுபோகவும் முடியாது. அங்கே விதி: 12 இலக்கம், ஆறு செயல்பாடு, இரண்டு மெமரி, அதற்கு மேல் கூடாது. ஆகவே முதலிலேயே 12 இலக்க மேசை கால்குலேட்டர் ஒன்றை வாங்கி, இரண்டு வருடமும் அதிலேயே விரலைப் பழக்குவதுதான் லாபம்.

கடையில் பெரும்பாலும் மூன்று பெயர்தான் காதில் விழும்: காசியோ எம்ஜே-120டி, சிட்டிசன் சிடி-512, ஆர்பட். எங்கள் ஓட்டு காசியோவுக்கு. பிராண்டுக்காக அல்ல, செக் பட்டனுக்காக. பதிப்பைப் பொறுத்து 150 அல்லது 300 படிகள் வரை நாம் தட்டியதை அது நினைவில் வைத்திருக்கும். இருப்பாய்வில் பற்றுப் பக்கம் 18 தொகை போட்டுக் கூட்டுகிறீர்கள், 180 ரூபாய் இடிக்கிறது. செக் இல்லாத மெஷினில் மறுபடி முதலிலிருந்துதான். இதில் அம்புக்குறியை அழுத்தி ஒவ்வொரு தொகையாகப் பின்னால் போகலாம். 5,640 என்பதை 5,460 என்று தட்டியிருந்தால் அந்த இடத்தில் நின்று, கரெக்ட் பட்டனை அழுத்தி, அதை மட்டும் திருத்தலாம். (வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் முதலில் இப்படி இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். 180 வகுபடும்.) சிட்டிசன் பெயரில் செக் உள்ளதும் வருகிறது, இல்லாததும் வருகிறது. பெட்டியின் மேல் போட்டிருப்பதை நம்பாமல் பட்டனைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஆர்பட் விலை குறைவு. வீட்டில் இரண்டாவதாக ஒன்று கிடக்கட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம்.

அடுத்து = பட்டன். இதன் அருமை முக்கால்வாசிப் பேருக்குத் தெரிவதில்லை. ஒரு லட்ச ரூபாய் இயந்திரம், குறைந்து செல் இருப்பு முறையில் 10% தேய்மானம், அதாவது ஒவ்வோர் ஆண்டும் மிச்சமிருக்கும் மதிப்பில் 10% போய் 90% நிற்கும். காசியோவில் 0.9 ×× 100000 என்று தட்டி = அழுத்திக்கொண்டே போனால் 90,000, 81,000, 72,900 என்று ஆண்டு வாரியாக இருப்பு வரும். பெருக்கல் குறியை இரண்டு முறை தட்ட வேண்டும். திரையில் சின்னதாக கே (அந்த எண் மாறாமல் நிற்கிறது என்பதற்கான குறி) தெரிந்தால் சரி. சிட்டிசனில் ஒரு முறை தட்டினால் போதும். அக்கா பிள்ளையின் காசியோவை வாங்கிப் பயன்படுத்தும் சிட்டிசன்காரர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இதோடு ஜிடியும் சேர்ந்தால் நற்பெயர் பாடத்தின் ஆண்டுத்தொகை முறை கையில் வந்துவிடும். 10% வட்டி, 5 ஆண்டு என்றால் சிட்டிசனில் 1 ÷ 1.1, பிறகு ஐந்து முறை =, கடைசியில் ஜிடி. காசியோவில் 1.1 ÷÷ 1, அதே ஐந்து =, ஜிடி. இரண்டிலும் 3.7907 என்று தொடங்கும் விடை: ஆண்டுக்கு ஒரு ரூபாய் வீதம் ஐந்து ஆண்டு வருவதன் இன்றைய மதிப்பு. கேள்வித்தாள் 3.791 என்று கொடுத்திருப்பது எங்கிருந்து வருகிறது என்பதும் அப்போது புரியும். முன்னால் போட்ட கணக்கின் விடை ஜிடியில் மிச்சமிருந்தால் எல்லாம் கெட்டது. திரை ஓரத்தில் ஜிடி என்று சின்ன எழுத்து நிற்கிறதா பார்த்து, ஏசி தட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.

மெஷின் ரிப்பேர் என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுவரப்படுவதில் பல, ரிப்பேரே அல்ல. மேலே இருக்கும் இரண்டு நகர்த்தும் சுவிட்சுகள் பைக்குள் உரசி இடம் மாறியிருக்கும். ஒன்று முழுமையாக்க: கட் (மிச்ச இலக்கத்தை வெட்டிவிடும்), 5/4 (5-உம் அதற்கு மேலும் என்றால் ஏற்றும்) என்று இருக்கும். மற்றொன்று தசமத்துக்கு: 0, 2, 4 போன்ற எண்களும் ஏ அல்லது ஆட்2 என்ற நிலையும். ஆட்2-வில் நின்றால் 150 என்று தட்டிக் கூட்டும்போது 1.50 ஆகிவிடும். 0-வில் நின்றால் 8 ÷ 3 என்பது வெறும் 3 அல்லது 2. தசமம் 2-இல் நின்றால் ஆபத்து கண்ணுக்கே தெரியாது: 1 ÷ 3 = 0.33, அதை 10,000-ஆல் பெருக்கினால் 3,333.33-க்குப் பதில் 3,300 காட்டும் மாடல்கள் உண்டு. கூட்டாளியின் லாபப் பங்கில் 33 ரூபாய் எங்கே போனது என்று அரைமணி நேரம் தேட வேண்டியதுதான். தசமத்தை வெட்டாமல் முழுதாகக் காட்டும் எஃப் என்ற எழுத்து எந்தச் சுவிட்சில் இருக்கிறது என்பது பிராண்டுக்குப் பிராண்டு மாறும். எங்கே இருந்தாலும் அதில் வைத்து, மேலே ஒரு துண்டு செலோ டேப் ஒட்டிவிடுங்கள்.

சதவீதம் பற்றி ஒரு எச்சரிக்கை. 100 + 10 % என்று தட்டினால் சில மாடல்களில் 110 வராது, 111.11 வரும். மெஷின் தப்பில்லை; 10% லாபத்தை விற்பனை விலைமேல் எடுத்துக்கொள்கிறது. அடக்க விலைமேல் வேண்டுமானால் 1.1-ஆல் பெருக்கிவிடுங்கள், எந்த பிராண்டிலும் தவறாது. விற்பனை விலைமேல்தான் வேண்டும் என்றால் சிட்டிசனில் எம்யூ (மார்க்-அப்) பட்டன் இருக்கிறது: 2000 ÷ 20 எம்யூ, விடை 2,500.

போலி நிறைய. கடையிலேயே இரண்டு சோதனை செய்யலாம். 7, 8, 9 என்று மூன்று விரலால் வேகமாக உருட்டுங்கள். ஓர் இலக்கம் விட்டுப்போனால் வைத்துவிடுங்கள். பிறகு சோலார் பட்டையை விரலால் மூடுங்கள். எழுத்து மங்கினால் உள்ளே செல் தீர்ந்துவிட்டது. செல்லைக் கழற்றினால் நல்ல வெளிச்சத்திலும் ஓடவில்லை என்றால் அந்தப் பட்டை வெறும் பொம்மை.  அசல் எம்ஜே-120டியின் வழக்கமான விலையில் பாதிக்குக் கொடுக்கிறேன் என்றால் யோசியுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. கமா பெரும்பாலான மாடல்களில் மூன்று மூன்று இலக்கமாகத்தான் விழும். 12,50,000 என்று எழுத வேண்டியது 1,250,000 என்று நிற்கும், அப்படியே பார்த்து எழுதும் பிள்ளைகள் ஒரு சுழியை விடுகிறார்கள். தொடாமல் வைத்தால் காசியோ சுமார் 6 நிமிடத்தில் அணைந்துவிடும், பாதிக் கணக்கில் கேள்வியைப் படிக்கப் போகிறவர்கள் இடைத் தொகையைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பொதுத்தேர்வு ஹாலில் கால்குலேட்டர் உண்டா என்பது வாரியத்துக்கு வாரியம், ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அந்த ஆண்டுத் தேர்வு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத ஆண்டென்றால் டிசம்பரிலேயே இதை அலமாரியில் வைத்துவிட்டு, கையால் கூட்டிப் பழகுங்கள்.