மொபைல் ஸ்டார்ட்டர்: இரண்டு வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

கிணற்று மோட்டாரைப் போனிலேயே போடவும் நிறுத்தவும் ஒரு கருவி வைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் மொபைல் ஸ்டார்ட்டர் என்போம். வாங்கலாமா என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் கடைக்காரர் சொல்லாத சில சங்கதிகள் உண்டு.

அவிநாசிக்குப் பக்கத்தில் எங்களுக்கு 4 ஏக்கர் தோட்டம். பாதி தென்னை, மீதியில் மஞ்சளும் வெங்காயமும் மாறி மாறி. கிணற்றில் 7.5 எச்பி மோட்டார். அதோடு நான் 11 வருஷமாக ஊர் விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பட்டா விவகாரத்துக்குத் தாலுகா ஆபீஸ், பயிர்க்கடனுக்குக் கூட்டுறவுச் சங்கம், மாதம் ஒருமுறை கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள் கூட்டம், நடுவில் யார் வீட்டு வரப்புச் சண்டையாவது. மோட்டார் ஓடத் தேவையான மும்முனைக் கரண்டைப் பகலில் 6 மணி நேரம், ராத்திரியில் 3 மணி நேரம் என்று பிரித்து விட்ட காலத்தில், நான் வீட்டில் இருந்தால் கரண்ட் இருக்காது. கரண்ட் வரும்போது நான் எங்காவது பஞ்சாயத்தில் உட்கார்ந்திருப்பேன். ஊருக்கெல்லாம் பேசிவிட்டு வந்தால் சொந்த மஞ்சள் வாடி நிற்கும். ராத்திரி 1 மணிக்கு டார்ச்சோடு வரப்பில் போய் இரண்டு தடவை கட்டுவிரியனை மிதிக்கப் பார்த்தேன்.

கருவி சின்னப் பெட்டிதான். பழைய ஸ்டார்ட்டருக்குப் பக்கத்திலேயே மாட்டிவிடலாம். உள்ளே ஒரு சிம். அந்த நம்பரைக் கூப்பிட்டால் ஒரு பெண் குரல் வந்து, மோட்டாரைப் போட எந்த எண், நிறுத்த எந்த எண் என்று சொல்லும். 6,800 ரூபாய் ஆனது, எலக்ட்ரீஷியனுக்கு 500. வேளாண் பொறியியல் துறையில் இதற்கு மானியம் உண்டு. ஊரில் பலருக்கு மனு எழுதிக் கொடுத்த நான் அவசரப்பட்டு முழுக் காசு கொடுத்து வாங்கினேன். அதை வீட்டில் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள்.

தண்ணீர் அற்றுப்போனால் மோட்டாரைத் தானாக நிறுத்துவது நன்றாக வேலை செய்கிறது. என் மோட்டார் தண்ணீர் இறைக்கும்போது 13 ஆம்பியர் இழுக்கும், கிணற்றில் அடி தெரிந்துவிட்டால் 8-க்கு இறங்கும். 9-க்குக் கீழே போனால் நின்றுவிடும்படி வைத்திருக்கிறேன். அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024-ல் திறந்து எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வந்த பிறகு கிணறு பரவாயில்லை, ஆனாலும் சித்திரையில் 2 மணி நேரம் ஓடினால் காற்றுத்தான் வரும். முன்பு இப்படி ஓடியே மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் ஒருமுறை கருகியது. கடையில் வைத்துக் கொடுத்த அளவை நம்பாமல், தண்ணீர் இருக்கும்போதும் இல்லாதபோதும் உங்கள் மோட்டார் எவ்வளவு இழுக்கிறது என்று ஒருமுறை கூடவே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விவசாயக் கரண்டுக்குத்தான் காசில்லையே என்று, கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானாகக் கிளப்பும் ஆட்டோ சுவிட்சில் விட்டுவிட்டு ஊருக்குப் போகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய. எனக்கு மனசு ஒப்பாது, அந்த இலவசம் சும்மா வந்ததில்லை. மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். 1972-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு கூப்பிட்டு மாட்டு வண்டிகள் கோவையை அடைத்தபோது எங்கள் அப்பாவும் வண்டி கட்டிக்கொண்டு போனார். எல்லா விவசாயிகளுக்கும் கரண்ட் பில் இல்லை என்று ஆனது 1990-ல். நாயுடு அதற்கு 6 வருஷம் முன்பே போய்விட்டார்.

ஆட்டோ சுவிட்சில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. எங்கள் 63 கேவிஏ டிரான்ஸ்பார்மரில் 11 மோட்டார். கிளம்பும்போது ஒரு மோட்டார் சாதாரணமாக ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். போன கரண்ட் திரும்பியதும் 11-ம் ஒரே மூச்சில் கிளம்பினால் என்ன ஆகும்? ஃப்யூஸ் போகும். உடனே எல்லோரும் தலைவருக்குப் போன் போடுவார்கள். இந்தக் கருவியில், கரண்ட் வந்து எத்தனை நிமிஷம் கழித்து மோட்டார் கிளம்பலாம் என்று வைக்க ஒரு டிலே இருக்கிறது. விளம்பரத்தில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, எனக்கு இதுதான் முக்கியம். ஒவ்வொருவராகச் சொல்லி 7 பேரை வாங்க வைத்து, ஒருவருக்கு 1 நிமிஷம், அடுத்தவருக்கு 2 என்று வைக்கலாம் என்றேன். ஒருநாள் ராத்திரி முழுக்கச் சண்டை. "நான் எதுக்குங்க கடைசி?" என்று ஒரு பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கடைசி நம்பரை நானே எடுத்துக்கொண்டேன், வேறு வழி? "ஏனுங்க, தலைவருன்னா நம்ம தோட்டத்துக்குக் கடைசியாத்தான் தண்ணி வரோணுமா?" என்று மனைவி கேட்டாள். போன கோடையில் ஒரே ஒரு தடவைதான் ஃப்யூஸ் போனது. அதுவும் ஆட்டோ சுவிட்சை விடமாட்டேன் என்கிற மூன்று பேரால்தான் என்பது என் சந்தேகம்.

இனி குறைகள். சிம் ரீசார்ஜ் முடிந்தால் கருவி ஊமையாகிவிடும், சொல்லவும் சொல்லாது. 4 நாள் வெங்காயம் காய்ந்த பிறகுதான் தெரிந்தது. மழை நாளில் சிக்னல் கிடைப்பதில்லை. பெட்டிக்கு ஒயர் போகும் ஓட்டையை அடைக்காவிட்டால் பல்லி புகுந்துவிடும், உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் ரிலே ஒன்று எனக்குப் போனது அப்படித்தான். கேரண்டியில் பல்லி வராதாம்.

மனைவியின் நம்பரையும் பதிந்து வைத்தேன். அவள் நிறுத்த, நான் கூட்டத்திலிருந்து போட, அவள் மறுபடி நிறுத்த, ஒருநாள் முழுக்க மோட்டார் கோளாறு என்றே இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது மோட்டார் முழுக்க அவள் கையில். பாசனம் முன்னைவிட ஒழுங்காக நடக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கரண்ட் போனாலும் வந்தாலும் கருவியே நமக்குப் போன் செய்யும். குறைதீர்க்கும் கூட்டத்தில் மைக் முன்னால் நின்று, எங்கள் பகுதியில் கரண்டே சரியாக வருவதில்லை என்று பேசிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் போன் அடித்தது. நிறுத்தப் போய் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டேன். "மும்முனை மின்சாரம் வந்துவிட்டது" என்று அந்தப் பெண் குரல் அரங்கம் முழுக்கக் கேட்டது.

ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம். தென்னந்தோப்பு போர்வெல்லுக்கும் ஒன்று வாங்கப் போகிறேன். இந்தத் தடவை மானியத்தில். பேசாத மாடல் இருக்கிறதா என்று விசாரிக்கிறேன்.